அறுபதுக்குப் பிறகு மிருதங்கம்: குளக்கட்டில் தொடங்குங்கள்

மிருதங்கம் வாங்க ஓட வேண்டாம். முதல் இரண்டு கிழமைக்கு உங்களுக்குத் தேவை ஒரு சோடி நல்ல சப்பாத்து, நேராக நடக்க ஒரு பாதை, வெட்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிற மனம். நான் இதை மறுவளமாகச் செய்து ஆறு மாதத்தை வீணாக்கியவள். அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நான் 34 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தேன். சனத்துக்கு நான் 'மிட்வைஃப் அம்மா'. வன்னியில் ஒட்டுசுட்டானைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் ஓடித் திரிந்த உடம்பு, ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே கதிரையோடு ஒட்டிக்கொண்டது. சீனி ஏறியது. முழங்கால் பிடித்தது. கர்ப்பிணிகளுக்கு "நட பிள்ளை, நட" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், நடக்கச் சொன்ன டொக்டரிடம் நூறு சாட்டுச் சொன்னேன்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழே பேரனுடைய மிருதங்கம் கிடந்தது. இரண்டு வருடம் பழகிவிட்டு அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிபடும், 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு நாள் விளக்குமாற்றை வைத்துவிட்டு வெளியே இழுத்துப் பார்த்தேன். இவ்வளவுதான் தொடக்கம். சின்ன வயதில் சங்கீதக் கனவு என்றெல்லாம் எனக்கு ஒன்றும் இருந்ததில்லை.

ஆசிரியரைப் பிடிப்பது

தோல் வாத்தியத்தை ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகலாம் என்று நினைத்தால் விட்டுவிடுங்கள். கை எப்படி விழுகிறது என்பதைப் பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். பிழையாகப் பழகிய விரலைத் திருத்துவது புதிதாகப் பழக்குவதைவிடக் கரைச்சல். கிழமைக்கு ஒரு வகுப்புப் போதும்.

எனக்குக் கிடைத்தவர் மருதனார்மடத்தில் இசை படித்துவிட்டு வந்த இளைஞர். அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளினிக்கில் தராசில் தொங்கப்போட்டு நான் நிறுத்த பிள்ளை அது. ஊசி போடும்போது ஊரையே கூட்டும். இப்போது அவரை 'தம்பி' என்பதா 'சேர்' என்பதா? முதல் நாள் இரண்டையும் சேர்த்து 'தம்பி சேர்' என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வகுப்பில் 'சேர்', கேற்றைத் தாண்டினால் 'தம்பி'. அவருக்கு நான் எங்கேயும் 'அம்மா'தான்.

பிள்ளைகளோடு ஒன்றாக உட்காரப் பயப்படாதீர்கள். அவர்கள் வட இலங்கை சங்கீத சபைச் சோதனைக்குப் பழகுகிறவர்கள். அவர்களுக்குச் சோதனைத் திகதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அவர்கள் ஒரு பாடத்தை ஒரு கிழமையில் முடித்தால் உங்களுக்கு மூன்று கிழமை எடுக்கும். ஆசிரியரிடம் இதை முதல் நாளே வெளிப்படையாகக் கதைத்துக்கொள்ளுங்கள்: "எனக்குச் சோதனை வேண்டாம், ஆனால் பிழை விட்டால் மற்றப் பிள்ளைகளைத் திருத்துவது போலத் திருத்துங்கள்" என்று. வயதுக்கு மரியாதை கொடுத்துப் பிழையை விட்டுவிடும் ஆசிரியரால் பிரயோசனம் இல்லை.

வாய்க்கு முதல் கால்

முதல் ஆறு மாதம் நான் செய்தது இதுதான்: காலையில் நடக்க வேண்டும் என்று நினைப்பேன், நடக்கமாட்டேன். பின்னேரம் மிருதங்கத்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருப்பேன், கை ஓடும், தாளம் நிற்காது. பிள்ளைகளுக்கு உடம்பில் தாளம் தானாகவே ஓடுகிறது. எங்களுக்கு அது எங்கேயோ புதைந்து கிடக்கிறது, கிண்டித்தான் எடுக்க வேண்டும்.

வாயில் வராதது கையில் வராது என்று சேர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். மிருதங்கத்தில் அடிக்கும் எதையும் முதலில் சொற்கட்டாக வாயால் சொல்ல வேண்டும். சரி, வாயில் வரவில்லையென்றால்? அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. பதில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் கிடைத்தது. வாய்க்கு முதல் காலுக்கு வர வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் நடவுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். நூறுக்குக் கிட்ட வந்தால் நல்லது. உடம்புக்குப் பலன் தருகிற நடை ஏறக்குறைய அந்த வேகம்தான். எண்பதுதான் வருகிறதென்றால் எண்பதிலேயே தொடங்குங்கள். முக்கியம் வேகமல்ல, ஒரே அளவில் வைப்பது. பினாட் குழலை வயிற்றில் வைத்து வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ணிய காலத்தில் எனக்கு இது சாதாரண வேலை. நிமிடத்துக்கு 110 தொடக்கம் 160 வரை இருக்க வேண்டும், காதில் துடிப்பும் கண்ணில் வினாடி முள்ளும் ஒன்றாக ஓடும். என் சொந்தக் காலை எண்ணியபோதுதான் தெரிந்தது, மதகைக் கண்டால் மெதுவாகிறேன், ஆளைக் கண்டால் விரைவாகிறேன்.

நாலாம் நாளிலிருந்து 'தகதிமி'. நாலு சொல். முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வலது கால் விழும்போது மட்டும் ஒரு சொல்: வலது 'த', இடது சும்மா, வலது 'க', இடது சும்மா. இதையே குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசிலிருந்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வான் வரைக்கும் சொல்லிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது இரண்டாம் காலம்: ஒவ்வொரு காலுக்கும் ஒரு சொல். ஒரு கிழமை கழிந்தபின் மூன்றாம் காலம்: வலது காலுக்கு 'தக', இடது காலுக்கு 'திமி'. வாய் இரட்டிப்பாகும்போது கால் இரட்டிப்பாகக் கூடாது. இதிலேதான் எல்லோரும் விழுகிறார்கள். நானும் மூன்றாம் காலம் தொடங்கியதும் ஓடாத குறையாக நடந்தேன். கால் தன் பாட்டில் போக வேண்டும். அதுதான் தாளம். வாய் அதற்கு மேலே ஏறி இறங்க வேண்டும்.

கை சும்மாதானே இருக்கிறது, அதையும் சேர்க்கலாம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: தொடையில் ஒரு தட்டு, சின்ன விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு அடிக்கு ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. நிமிடத்துக்கு நூறு அடி வைத்தால் பன்னிரண்டரை ஆவர்த்தனம். நாற்பது நிமிடம் நடந்தால் ஐந்நூறு. இவ்வளவையும் உட்கார்ந்த இடத்தில் செய்திருந்தால் முதுகு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாமல் இருக்க வேண்டும்: சரியான வேகத்துக்கு நாங்கள் கிளினிக்கில் சொல்லிக்கொடுக்கும் சோதனை அதுதான். சொற்கட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சொல் முறிந்து மூச்சு வாங்கினால் நடை கூடிவிட்டது. அலட்டாமல் ஆலாபனையே செய்யலாம் போல இருந்தால் நடை காணாது. கிழமைக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிழமைக்கு நாலு நாள், நாற்பது நிமிடம் நடந்தால் அந்தக் கணக்கும் முடிந்துவிடும்.

மூன்றும் ஏழும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலிலும் எட்டிலும் நடக்கும்போது முதல் சொல் எப்போதும் ஒரே காலில் விழும். வலதில் தொடங்கினால் கடைசி வரைக்கும் வலதுதான். கொஞ்ச நாளில் வலது கால் ராசா, இடது கால் வேலைக்காரன் என்று ஆகிவிடும். அப்போது 'தகிட' தொடங்குங்கள். மூன்று சொல். வலது 'த', இடது 'கி', வலது 'ட', அடுத்த 'த' இடதில் விழும். முதலடி கால் மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் இதைச் செய்தபோது வெறிகாரன் மாதிரி நடந்தேன். குளத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பொடியன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்ன மாமி, மந்திரமோ சொல்லுறியள்?" "ஓமடா, உனக்கு விரால் பிடிபடாமல் இருக்க" என்றேன். அன்றைக்கு அவனுக்கு உண்மையாகவே ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவான்.

மூன்று பிடிபட்ட பிறகு ஐந்து, 'தகதகிட'. அதற்குப் பிறகு ஏழு, 'தகிட தகதிமி'. ஏழில் ஒரு சுகம் இருக்கிறது. நீளமான அளவு என்பதால் ஒரு சுற்று முழுக்க வலது காலின் பக்கம், அடுத்த சுற்று முழுக்க இடது காலின் பக்கம் என்று உடம்பு மெல்லச் சாய்ந்து சாய்ந்து வரும். ஏழெண்ணிக்கைத் தாளமான மிஸ்ரசாபு என்பது என்ன என்று வகுப்பில் மூன்று முறை விளங்கப்படுத்தியும் தலைக்குள் போகாதது, குளக்கட்டில் இருந்த மருதமரத்தைத் தாண்டும்போது தொடைக்குள் போனது. அடுத்த வகுப்பில் சேரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி மண்டபத்துக்குள் ஏழில் நடந்து பார்த்தார். பிறகு பிள்ளைகளையும் வரிசையாக நடக்கவிட்டார். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை.

நடக்க முடியாத நாளில் வேறு வழிகள் உண்டு. சைக்கிள் மிதித்தால் ஒரு சுற்று இரண்டு எண்ணிக்கை. ஆனால் பின்னால் பஸ் வருகிற றோட்டில் சொற்கட்டு வேண்டாம், காதும் கவனமும் றோட்டில் இருக்கட்டும். கச்சான் பிடுங்கிப் போட்டு ஆயும் காலத்தில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். அப்போது ஐந்து நன்றாக வரும், ஒவ்வொரு கொத்துக்கும் 'தகதகிட'. மண்வெட்டியால் கொத்தும்போது மட்டும் எனக்கு எதுவும் சரிவரவில்லை. அது தன் தாளத்தில்தான் போகிறது.

எங்கே நடப்பது

வன்னியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. குளக்கட்டு, றோட்டு, சனம் நாளும் பொழுதும் புழங்குகிற வாய்க்கால் கரை, இந்த மூன்றில் மட்டும் நடவுங்கள். பாலைப்பழம் பழுத்துக் கிடக்கிறதென்று காட்டுக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் உண்டு. பலகை விழுந்துபோன இடமும் இருக்கலாம். தாளத்தில் மூழ்கிப் பாதையை விட்டு இறங்குவது எனக்கே ஒரு முறை நடந்தது. அன்றிலிருந்து கட்டின் நடுவை விட்டு விலகுவதில்லை.

யானை இன்னொன்று. விடியமுன் புறப்படாதீர்கள். நிலம் வடிவாக வெளித்து, கட்டின் அந்தத் தொங்கல் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நான் ஏறுவேன். பின்னேரம் என்றால் ஆறு மணிக்கு முதல் வீட்டில். புதிய லத்தி கிடந்தால் அன்றைக்கு றோட்டில் நடை. காதில் ஹெட்ஃபோன் போடுவது இங்கே மடத்தனம். மழை தொடங்கும் மாதங்களில் புல்லுக்குள் விரியன் கிடக்கும், அதனால் செருப்பு வேண்டாம், சப்பாத்து. சீனி வருத்தம் உள்ளவர்கள் வீடு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் இருக்கும்.

வாத்தியம்

இரண்டு கிழமை நடந்து, 'தகதிமி' மூன்று காலத்திலும் வந்துவிட்டதா? இப்போது மிருதங்கம் தேடலாம். புதிதாக வாங்கவே வேண்டாம். ஊரில் பத்து வீட்டில் விசாரித்தால் ஒரு வீட்டில் பிள்ளை விட்டுப்போன மிருதங்கம் சீலைக்குள் சுற்றிக் கிடக்கும். ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பலாமரக் கட்டையில் வெடிப்பு இருக்கிறதா, வலது பக்கமான வலந்தலையின் நடுவில் இருக்கும், 'சோறு' என்று சொல்லும் கறுப்புப் பூச்சு பொரிந்து உதிர்கிறதா, விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் தட்டும்போது ஒரே சுருதியில் கேட்கிறதா என்று அவர் பார்ப்பார். நீளம் 22 தொடக்கம் 24 அங்குலம் வரை இருக்கும். கட்டை குறுகினால் சுருதி ஏறும். எனக்கு 22 வசதியாக இருக்கிறது, கை எட்டுகிறது, தூக்கவும் முடிகிறது.

வார் பிடித்த மிருதங்கத்தின் நாதமே தனி. ஆனால் புள் என்ற மரத்துண்டைத் தட்டிச் சுருதி சேர்க்கத் தெரிந்த ஆள் கிட்ட இல்லையென்றால் நட்டுப் பூட்டியதை வாங்குவதில் வெட்கமில்லை. சாவியைத் திருப்பினால் சுருதி ஏறும். பாரம் மட்டும் கொஞ்சம் கூட.

இடக்கைக்காரர்கள் உடனே வலது கைக்கு மாற வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மிருதங்கத்தில் பெரிய பெயர் எடுத்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

ஏன் தவில் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் தோல் வாத்தியம் என்றாலே தவில்தான், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்லாமல் கோயில் கச்சேரிக் கதை முடியாது. ஆனால் ஒரு கையில் கழி, மற்றக் கை விரல்களில் கூடு, தோளில் அந்தப் பாரம். அறுபது வயது முழங்காலுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

உட்காருவதும் 'நம்'மும்

சம்மணம் கொட்ட முடியாதவர்கள் நேராகத் தரையில் உட்கார்ந்து வதைபட வேண்டாம். மூன்று நாலு அங்குல உயரப் பலகை ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் மடித்த சாக்கைப் போட்டு உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தால் பாதி வலி போய்விடும். அதுவும் முடியாதென்றால் கதிரையில் இருந்து, மிருதங்கத்தை முன்னால் ஒரு சின்ன மேசையில் அசையாமல் கிடத்துங்கள். சேருக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. முழங்கால் என்னுடையது என்று சொன்னேன்.

முதல் பாடம் 'தத் தித் தொம் நம்'. முதல் மூன்றும் எப்படியோ வந்துவிடும். 'நம்'தான் ஆளைக் கொல்லும். மோதிர விரல் கறுப்புச் சோற்றின் ஓரத்தில் தொட்டுக்கொண்டு இருக்க, சுட்டு விரல் விளிம்பில் தட்ட வேண்டும். கேட்கச் சின்ன வேலை. மோதிர விரல் அழுத்தினால் சத்தம் செத்துவிடும், பலகையில் தட்டியது போலக் கேட்கும். விரலைத் தூக்கினால் தோல் முழுக்க அதிர்ந்து கரகரக்கும். இரண்டுக்கும் நடுவில், விரல் தோலில் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாத ஒரு இடம் இருக்கிறது. அங்கே வந்தால் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போல மணியாக ஒலிக்கும்.

எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. ஒவ்வொரு நாளும் பத்து முறை 'நம்' தட்டி ஃபோனில் பதிந்து, அடுத்த நாள் நடையைத் தொடங்கமுன் குளக்கட்டில் நின்று கேட்பேன். பத்தும் பலகை. பிறகு பத்தில் ஒன்று மணி. ஒரு நாள் சேர் சொன்னார்: "அம்மா, நீங்கள் வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்ப்பீர்கள்தானே, அப்படி வையுங்கள்." அதைச் சொன்ன பிள்ளைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். வயிற்றில் கை வைக்கும்போது அழுத்தமாட்டோம், எடுக்கவும் மாட்டோம். கீழே இருப்பது என்ன சொல்கிறது என்று கைக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்குப் பத்தில் ஆறு மணியாக ஒலித்தது. உங்களுக்கும் இப்படிப் பழைய வேலை ஒன்று கையில் இருக்கும். மாப் பதம் பார்த்த கையோ, தையல் மெஷினில் சீலையைப் பிடித்த கையோ, ஆசிரியரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் அதிலிருந்து உதாரணம் எடுப்பார்.

நேரம் பதினைந்து நிமிடம். நான் அடுப்பில் உலை வைத்துவிட்டு உட்காருவேன், கொதித்தால் எழும்புவேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. தொடங்கமுன் பத்து முறை கையைப் பொத்தி விரியுங்கள், மணிக்கட்டை இரண்டு பக்கமும் சுழற்றுங்கள். விரல் நுனி நோவது வழமை, இரண்டு மாதத்தில் தடித்துவிடும். விரல் விறைத்தாலோ, இரவில் கை மரத்து எழும்பினாலோ, காலையில் மணிக்கட்டு மடங்க மறுத்தாலோ நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசித்து வாசித்தே அதைச் சரியாக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு விஷயம்: கை நோவுக்குத் தைலம் பூசிவிட்டு மிருதங்கத்தைத் தொடக்கூடாது. எண்ணெய் பட்டால் சோறு கெடும்.

ரவை, எலி, காற்று

இடது பக்கமான தொப்பியில் வாசிக்குமுன் ரவை பூச வேண்டும். தண்ணீர் விட்டுப் பிசைந்து, தேசிக்காய் அளவு உருண்டையாக்கி, நடுவில் வைத்துத் தட்டையாக அப்புங்கள். கையில் ஒட்டினால் தண்ணீர் கூட, வெடித்து உதிர்ந்தால் காணாது. அது ஒட்டியபின் 'தொம்' அடி வயிற்றிலிருந்து வரும். வாசித்து முடிந்ததும் வழித்துத் துடைத்துவிட வேண்டும். இதைச் சேர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் வாசலில் யாரோ கூப்பிட, அப்படியே வைத்துவிட்டுப் போய், பிறகு மறந்து படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் எலி ரவையைத் தின்று, ரவை முடிந்ததும் தோலையும் தின்றிருந்தது. உள்ளங்கை போகிற அளவுக்கு ஓட்டை. மிருதங்கத்தின் தோல் மூடியை மூட்டு என்றுதான் சொல்வார்கள். மூட்டு மாற்ற யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். மாங்குளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏ9 வழியே இன்னொன்று, மடியில் குழந்தை போல மிருதங்கம். பக்கத்து சீற்றில் இருந்த அம்மா எங்கே போகிறேன் என்று கேட்டா. "மூட்டு மாத்த" என்றேன். முழங்கால் என்று நினைத்து, தன் முழங்காலைத் தடவிக்கொண்டே பளை வரைக்கும் ஒப்பரேஷன் விபரம் கேட்டுக்கொண்டு வந்தா.

வன்னிக் காற்றுக்கும் தோலுக்கும் ஆகாது. வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கும்போது தோல் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். கார்த்திகை மழையில் நனைந்த அப்பளம் மாதிரித் தொய்யும். வெயிலில் காயவைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சோறு வெடித்துவிடும். பருத்திச் சீலையில் சுற்றி, உறையில் போட்டு, சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். இப்போது என்னுடையது அலுமாரிக்குள் சீலைகளோடு இருக்கிறது. பேரன் விடுமுறைக்கு வந்து, தன் மிருதங்கம் ஏன் பூட்டுக்குள் என்று கேட்டான். எலிக்கதையைச் சொல்லவில்லை.

மற்றவர்களோடு வாசிக்க

நாலைந்து மாதத்தில் யாராவது கோயில் பஜனைக்கு வரச் சொல்வார்கள். போங்கள். ஆனால் பழகியதையெல்லாம் அங்கே கொட்ட வேண்டாம். முதல் மூன்று வெள்ளிக்கிழமை ஆவர்த்தனத்தின் முதல் அடிக்கு ஒரு 'தொம்' மட்டும் போடுங்கள். மிச்ச நேரம் தொடையில் தாளம். பாடுகிறவர்கள் வேகமெடுத்துக்கொண்டே போவார்கள், பஜனை என்றால் அப்படித்தான். அவர்களோடு ஓடாமல் அந்த ஒரு அடியைச் சரியான இடத்தில் போட முடிகிறதா என்று பாருங்கள். குளக்கட்டில் வாய் இரட்டித்தபோது கால் நின்ற மாதிரி. நாலாம் வெள்ளி நான் 'தகதிமி' வாசித்தேன். ஐயர் திரும்பிப் பார்த்தார். நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியாது.

மழைக்கு

கார்த்திகை, மார்கழியில் கட்டு வழுக்கும். வான் பாயத் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கமே போவதில்லை. அதற்காக நடையை விட்டால் தை மாதத்தில் எல்லாம் முதலிலிருந்துதான், கால் மட்டுமல்ல, வாயும் மறந்துவிடும். வீட்டு விறாந்தையை ஒரு முறை அடி வைத்து எண்ணிப் பாருங்கள். எங்கள் விறாந்தை ஒரு தலைப்பிலிருந்து மற்றத் தலைப்புக்கு என் அடியில் சரியாக 14. இரண்டு மிஸ்ரம். திரும்பி வந்தால் இன்னும் இரண்டு. ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் என் சொற்கட்டு எனக்கே கேட்காது, அதனால் காலைத்தான் நம்ப வேண்டும். நாய் மழைக்கு ஒதுங்கி பதினோராம் அடியில் படுத்திருந்தால், 'தகதிமி'யின் முதல் 'த'வைக் கொஞ்சம் அகட்டி வைத்துத் தாண்டிப் போக வேண்டும்.